ஸ்டிக்கர் ஆப்பிள்

போன மாசம் ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவுக்கு ஆப்பிள் வாங்கப் போனேன். கடைக்காரர் ரெண்டு கூடையைக் காட்டி, "ஸ்டிக்கர் ஒட்டுனது வாஷிங்டன் சார், இது சிம்லா"ன்னார். கை தானா ஸ்டிக்கர் பக்கம் போச்சு. நம்ம ஊர்ல ஆப்பிள்னா ஆஸ்பத்திரிக்கு வாங்கிட்டுப் போற பழமாச்சே, பளபளன்னு இருந்தாத்தானே மரியாதை :-)

திரும்பி வந்ததும் இதை ஆபீஸ்ல ஹிமாச்சல் நண்பன்கிட்ட உளறிட்டேன். அவங்க வீட்டுக்கு சிம்லா மாவட்டத்துல ஆப்பிள் தோட்டம் இருக்கு. கோபப்படாம கதை சொல்ல ஆரம்பிச்சான்.

அந்தப் பக்கம் ஆப்பிள் வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டதே ஒரு அமெரிக்கர்தானாம். பிலடெல்பியாவிலிருந்து வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ். 1910-களில் கோட்கரில் அமெரிக்க ரெட் டெலிஷியஸ் கன்றுகளை நட்டவர். காங்கிரஸில் சேர்ந்து 1921-ல் கைதானார். 1932-ல் சத்யானந்த் ஸ்டோக்ஸ் ஆனார். ஆக, ரெண்டு கூடையும் பங்காளிங்கதான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். 2019-ல் அமெரிக்க ஆப்பிளுக்கு, ஏற்கெனவே இருந்த 50 சதவீத வரியோட இன்னொரு 20 சதவீதம் போட்டாங்க. விவசாயிக்காக இல்லை. நம்ம எஃகுக்கும் அலுமினியத்துக்கும் அமெரிக்கா 2018-ல் போட்ட வரிக்குப் பதிலடி. 2023-ல் சமாதானமானதும் அந்த 20 சதவீதம் போயிடுச்சு. அதே வருஷம் மே மாசம், கிலோ 50 ரூபாய்க்குக் கீழ் ஆப்பிள் இறக்குமதி கூடாதுன்னும் (பூட்டான் தவிர) உத்தரவு வந்தது.

ஹிமாச்சலில் அறுவடை ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. எல்லாரும் ஒரே நேரத்துல கொண்டுவந்தா விலை சரியும். அதனால வசதி இருக்கறவங்க ஆக்ஸிஜனைக் குறைச்ச குளிர்பதனக் கிடங்குல வெச்சு, ஜனவரிக்கு மேல விப்பாங்க. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுப் பழம் மலிவா வந்து இறங்கினா, பழத்தோட கிடங்கு வாடகையும் சேர்ந்து நஷ்டம்.

"வரியே போட்டுக்கிட்டு இருந்தா போதுமா?"ன்னு கேட்டேன். "போதாது. கிழட்டு மரங்களை எடுத்துட்டுப் புது ரகம் வைக்கணும். ஆனா காய்க்கிற வரைக்கும் சில வருஷம் காத்திருக்கணும். அதுக்குள்ள வரி மாறினா? உன் கோடு மாதிரி ரோல்பேக் பண்ண முடியாதுடா"ன்னான். பதில் சொல்லத் தெரியலை.

நேத்து ஊருக்கு சிம்லா பழம்தான் வாங்கிட்டுப் போனேன். அம்மா பையைத் திறந்து பார்த்துட்டு, "ஏன்டா, ஸ்டிக்கர் பழம் கிடைக்கலையா?"

மக்களே, நீங்களே சொல்லுங்க. இவங்களுக்கு எங்கேருந்து ஆரம்பிச்சுப் புரியவைக்கறது?