பைப்பு மாட்டி முறுக்கினேன்... மரை போச்சு!

‘டிராக்டர் இன்ஜின் பிளாக்கில் ஒரு போல்ட் இறுகாமல் சும்மா சுற்றுகிறது. பிளாக்கையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?’ என்று கடந்த இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். படித்ததும் இரண்டு வருஷத்துக்கு முந்தைய புரட்டாசி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்தத் தப்பை என் கையாலேயே செய்துவிட்டு, அதே கேள்வியோடு அலைந்தவன் நான்.

எங்களுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் நாலு ஏக்கர் கரிசல் காடு. எல்லாம் மானாவாரி. புரட்டாசியில் உழுது போட்டு, மழை விழுந்ததும் மக்காச்சோளம் விதைப்போம். அந்த ஒரு மாசம்தான் டிராக்டருக்கும் வருமானம். சொந்தக் காட்டை உழுததுபோக, அக்கம்பக்கத்தில் வாடகைக்கும் ஓட்டுவேன். அந்த வருஷம் மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. சிலிண்டர் ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் ஈரக்கோடு தெரிந்தது. ‘ஹெட் போல்ட் லூஸாகியிருக்கும்’ என்று நானே முடிவு செய்தேன். ஸ்பேனரைப் போட்டேன், அசையவில்லை. ‘இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கசிவு நின்றுவிடும்’ என்று இரண்டரை அடி பைப்பை ஸ்பேனரில் மாட்டி, தம் கட்டி இழுத்தேன். கால் சுற்று வந்தது. அடுத்த இழுப்பில் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போல்ட் லேசாகச் சுற்றியது. வெளியே எடுத்துப் பார்த்தால், போல்ட்டின் பற்களுக்கு நடுவே பிளாக்கின் மரை தூள்தூளாக ஒட்டியிருந்தது.

வந்து பார்த்த மெக்கானிக், “பிளாக்கை மாத்துறதுதான் வழி” என்றார். கூலியோடு சேர்த்து அவர் சொன்ன தொகையைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். இன்னொருத்தர், “ஓட்டையை வெல்டு வச்சு அடைச்சு, திரும்ப மரை போடலாம்” என்றார். வார்ப்பிரும்பில் அப்படிச் சூடேற்றினால் பக்கத்திலேயே விரிசல் விடும் என்று கேள்விப்பட்டிருந்ததால் துணியவில்லை.

என் மனைவி பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர். ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே, “என்னங்க, தீபாவளி போனஸ் வரும்ல, அதை வச்சுக்கோங்க” என்றார். பிள்ளைகளின் துணிமணியும் அடகு வைத்த கம்மலும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தன. சோறு இறங்கவில்லை.

மறுநாள் போல்ட்டை எடுத்துக்கொண்டு சிவகாசி போனேன். அச்சகங்கள் நிறைந்த ஊர், அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் லேத் பட்டறைகளும் உண்டு. ஒரு பட்டறையில் வயதான அண்ணாச்சி போல்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “பைப்பு போட்டியாப்பா?” என்பதுதான். தலையாட்டினேன். “பிளாக்குக்கு ஒண்ணும் ஆகலை. மரைதான் போயிருக்கு. புது மரை வச்சுரலாம்” என்றார்.

அவர் காட்டியது ஒரு சின்னக் கம்பிச்சுருள். ‘ஹெலிகாயில்’ என்பார்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் ஆனது. கம்பியைக் குறுக்கே வெட்டினால் வைர வடிவத்தில் இருக்கும். பழைய ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் பெரிய மரை வெட்டி, அதில் இந்தச் சுருளைத் திருகி இறக்கினால், உள்பக்கம் பழைய அளவிலேயே புது மரை கிடைத்துவிடும். அதே போல்ட் அளவு, அதே ஹெட். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

கார் என்றால் இன்ஜினைத் தனியாக இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். பல டிராக்டர்களில் இன்ஜின் பிளாக்தான் முதுகெலும்பு. முன் அச்சும் பின்னால் கியர் பெட்டியும் அதில்தான் மாட்டியிருக்கும். அதை எடுக்க வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதனால் அண்ணாச்சி தன் ஆளோடு எங்கள் வீட்டுக்கே வந்தார்.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டர்களிலும் ஆயில் ஓட்டைகளிலும் துணியை அடைத்தார். துளை சாயாமல் நேராக இறங்குவதற்காக லேத்தில் கடைந்த ஓர் இரும்புக் கட்டையை பிளாக்கின் மேல் பொருத்தி, அதன் வழியாக டிரில்லை விட்டார். எங்களுடையது 12 மில்லிமீட்டர் போல்ட். அதற்குச் சுமார் 12.5 மில்லிமீட்டர் டிரில். பழைய ஆழத்தைத் தாண்டினால் தண்ணீர் அறை பொத்துக்கொள்ளும் என்பதால் டிரில்லில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தார். தூள் சிதறாமல் ஒட்டிக்கொள்ள கிரீஸ் தடவினார். மரை வெட்டும்போது அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாகப் போனார். பிறகு சுருளை இறக்கி, மேல் விளிம்புக்கு அரைச் சுற்று கீழே நிறுத்தினார். சுருளின் அடியில் திருகுவதற்காக இருக்கும் சின்ன நாக்கைத் தட்டி ஒடித்து, மறக்காமல் வெளியே எடுத்தார்.

“இது தாங்குமா?” என்று கேட்டேன். “ஒழுங்கா வச்சா வார்ப்பிரும்பு மரையைவிட எஃகு மரை நல்லாவே தாங்கும்” என்றார். அலுமினிய இன்ஜின்களில் இந்தச் சுருளைப் புதிதிலேயே வைப்பதும் உண்டு என்றார்.

உண்மையான கோளாறு பிறகுதான் தெரிந்தது. ஹெட் கேஸ்கட் ஓரிடத்தில் அரித்துப் போயிருந்தது. போல்ட் லூஸாகவே இல்லை. அப்படியானால் நான் இறுக்கிய இறுக்கம் எங்கே போனது? அண்ணாச்சி விளக்கினார். போல்ட்டை முறுக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும். மீதி ஒரு பங்குதான் ஹெட்டை அழுத்திப் பிடிக்கிறது. மரையில் துருவும் அழுக்கும் இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும். கைக்கு இறுக்கமாகத் தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது. நமக்குப் பயம் வந்து பைப்பைத் தேடுவோம்.

அன்று சாயந்திரம் இதை மனைவியிடம் சொன்னேன். “எங்க ஆலையில முதல்ல சொல்லிக் குடுக்கிறதே இதுதாங்க” என்றார். மருந்து புழங்கும் அறையில் இரும்புச் சாமான் கூடாது. பித்தளை, மரச் சாமான்தான். அதிலும் அழுத்தி இடிக்கவோ தேய்க்கவோ கூடாது. “கை எங்க நிக்கணும்னு தெரியணும். இன்னும் ஒரு இடினு நினைச்சா நாங்க வீடு திரும்ப மாட்டோம். உங்களுக்கு மரைதான் போச்சு” என்றார். பதில் பேச வாய் வரவில்லை.

புதுக் கேஸ்கட் போட்டு, டார்க் ரென்ச்சை இரவல் வாங்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றாக, இன்ஜின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினோம். நாலாம் நாள் வண்டி காட்டில் இறங்கியது. வாக்குக் கொடுத்த மூன்று பேருக்கும் உழுது கொடுத்தேன். சுருளும் கேஸ்கட்டும் கூலியும் சேர்த்து ஆன செலவை உழவு வாடகையிலேயே கொடுத்து முடித்தேன். போனஸில் கை வைக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்த இடத்தில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கும் மற்றவர்களுக்கும் நான் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். போல்ட் திடீரென்று லேசாகச் சுற்றினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் இந்த வழி உதவாது. பழைய போல்ட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். 12 மில்லிமீட்டர் போல்ட்டிலேயே மரை இடைவெளி 1.75, 1.5, 1.25 என்று உண்டு. பழைய வண்டிகளில் அங்குல மரையும் இருக்கும். கேஜ் வைத்துப் பார்க்காமல் டேப் விட வேண்டாம். அடி மூடிய ஓட்டையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் துடைத்துவிட்டுத்தான் போல்ட்டை இறக்க வேண்டும். திரவம் அமுங்காது, இறுக்கும்போது பிளாக்கையே பிளந்துவிடும்.

அந்த இரண்டரை அடி பைப்பு இப்போது டூல் பெட்டியில் இல்லை. தொழுவத்தில் அடித்து, கன்றுக்குட்டியைக் கட்டிப் போட்டிருக்கிறேன்.