பாசத்துக்கும் பக்குவம் வேண்டும்

மறதிநோய் உள்ள வீட்டுக்குப் பயிற்சி தரப் போனால் நான் முதலில் கேட்பது, "ராத்திரியில யாரு முழிச்சிருக்கறது?" என்றுதான். எல்லோர் கண்ணும் ஒருவர் பக்கம் திரும்பும். பெரும்பாலும் மருமகள், இல்லாவிட்டால் மகள். திருக்கழுக்குன்றமானாலும் கோவளமானாலும் இதில் மாற்றமில்லை. அதனால் மகன், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவேன்.

"வயசானா அப்படித்தான்" என்று தள்ளிவிடுவது இங்கே வழக்கம். இது மூளையைத் தாக்கும் நோய். பட்டணத்தோடு நிற்பதும் இல்லை. திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் 60 வயது கடந்தவர்களிடையே நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 3.5 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே வீட்டார் கற்றுக்கொள்ளும் பக்குவம்தான் பெரிய மருந்து.

அதைக் கற்றுத்தர நீண்ட படிப்பு தேவையில்லை. வசதி குறைந்த நாடுகளை மனதில் வைத்து 10/66 என்ற மறதிநோய் ஆய்வுக்குழு ஒரு பயிற்சியை வகுத்தது: வாரம் ஒன்றாக 5 அமர்வுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். முதல் அமர்வில் வீட்டு நிலவரத்தைக் கேட்டறிவது, அடுத்த இரண்டில் நோயைப் புரியவைப்பது, கடைசி இரண்டில் அந்த வீட்டை வாட்டும் பிரச்சினைகளுக்கு வழி சொல்வது.

அந்தக் கடைசிப் பகுதியில்தான் என் வேலை முழுவதும் இருக்கிறது. சாப்பிட்டுக் கைகழுவிய சற்று நேரத்தில் "எனக்கு இன்னும் சோறு போடல" என்பார் மாமியார். "இப்பத்தானே அத்தே சாப்பிட்டீங்க?" என்பார் மருமகள். சாப்பிட்ட நினைவே அவரிடம் இல்லாதபோது இந்தப் பதில் அவருக்குப் பழியாகத்தான் கேட்கும். வாதாட வேண்டாம் என்பேன். "பசிக்குதா அத்தே? இந்தாங்க, வாழைப்பழம்." இதில் பொய் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டால் இன்னும் எளிது.

குளியல்தான் பெரிய போராட்டம். தலையில் திடீரென்று தண்ணீர் விழுந்தால் அவர் பயந்து அடிக்கக் கை ஓங்குவார். அதை வீட்டார் முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் சொல்லிவிட்டு நிற்பதில்லை, செய்து காட்டுவேன். ஸ்டூலில் உட்கார வைத்து, மடியில் ஒரு துண்டைப் போர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் அவர் கையில் தொட்டுப் பார்க்கக் கொடுப்பேன். பிறகு பாதம், முழங்கால், தோள். சொம்பை அவர் கையிலேயே பிடிக்கச் செய்தால் பாதிக் குளியலை அவரே முடித்துவிடுவார். தலைக்கு ஊற்றுவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பேர் மறந்தாலும் கை பழகிய வேலை வெகுகாலம் தங்கும். மாமல்லபுரத்தில் சிற்ப வேலை பார்த்த பெரியவருக்கு உளி கொடுக்க வேண்டாம். ஒரு மாக்கல் துண்டும் உப்புத்தாளும் கொடுத்தால் மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பார். மீனவக் குப்பங்களில் விடிவதற்கு முன்பே கடலுக்குக் கிளம்பும் பெரியவரிடம் கிழிந்த வலையை நீட்டி, "இதக் கொஞ்சம் முடிச்சுப் போட்டுக் குடு நைனா" என்று கேட்கச் சொல்வேன். கதவுத் தாழ்ப்பாளை அவர் கண்ணில் படாத உயரத்துக்கு மாற்றச் சொல்வதும் உண்டு. ஆனால் உள்ளே எப்போதும் ஆள் இருக்க வேண்டும்.

ஒன்றை எல்லா வீட்டிலும் அழுத்திச் சொல்வேன். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் ஓரிரு நாளில் அடியோடு மாறினால் அதை மறதிநோயின் தலையில் போடக்கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுதல், விழுந்த அடி, புதிதாகச் சேர்த்த மாத்திரை இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடைசி அமர்வில் முறை பிரிப்போம். எந்த இரவு மகன், எந்த மாலை பேத்தி என்று முடிவாகும்வரை நான் எழுந்திருப்பதில்லை. தூக்கமில்லாத ஒருவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இதே வீடுகளின் படியேறுகிறார்கள். யார் வீட்டில் யார் தடுமாறுகிறார் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த 5 அமர்வுகளை நடத்த அவர்களையும் பழக்கிவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. பாசம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பக்குவம் சொல்லித்தரத்தான் ஆள் வேண்டும்.