பறுவத்துக்குப் பூட்டு

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குப் படித்தவர். அவருடைய பள்ளிக்காலத்தில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, சனியும் ஞாயிறும் இலங்கையில் வெறும் கிழமைகளாகவே இருந்தன. 1966 ஜனவரியில் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் நாட்டின் ஓய்வு நாள்களைச் சந்திரனிடம் ஒப்படைத்தது. அமாவாசை, வளர்பிறை அட்டமி, பூரணை, தேய்பிறை அட்டமி என்று மாதத்துக்கு நான்கு போயா. போயாவும் அதன் முந்திய நாளும் வாரவிடுமுறையின் இடத்தைப் பிடித்தன. 1971இல் சட்டம் மாறி சனி, ஞாயிறு திரும்பி வந்தபோது அம்மா மேல்வகுப்புக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒரு நாட்டுப் பிள்ளைகள் முழுப்பேரும் லீவு எப்போது என்று அறிய வானத்தைப் பார்த்தார்கள் என்பதை நினைக்கும்போதே மனம் துள்ளுகிறது. வளர்பிறை அரைநிலா பொழுதுபடும் நேரத்தில் உச்சியில் நிற்கும். முற்றத்தில் படுத்துக்கொண்டு, வட்டம் பாதியாக இன்னும் எவ்வளவு வேண்டும் என்று அம்மாவும் தங்கைமாரும் விரலால் அளப்பார்களாம். பூரணை சுலபம். தேய்பிறை அரைநிலா நள்ளிரவுக்குத்தான் எழும்பும் என்பதால் பிள்ளைகளின் கண்ணில் படாது. விடியற்காலையில் வள்ளம் இழுக்கிறவர்களுக்கு மட்டும் அது தலைக்குமேல் தெரியும். அமாவாசைக்கு யாரும் எதையும் பார்க்க முடியாது. ஆக நான்கு போயாவில் இரண்டைத்தான் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்தார்கள். மற்ற இரண்டுக்கும் ஆச்சியின் பஞ்சாங்கம்.

கணக்குத்தான் ஒத்துவரவில்லை. சந்திர மாதம் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். அதை நாலாய்ப் பிரித்தால் ஏழு நாளும் கொஞ்சமும் வரும். அந்தக் கொஞ்சம் சேர்ந்து சேர்ந்து ஒரு வாரத்தை எட்டு நாளாக்கிவிடும். வருசத்துக்கு 52 ஞாயிறு இருந்த இடத்தில் 49 அல்லது 50 போயா. லண்டனில் வங்கி பூட்டியிருக்கும் நாளில் கொழும்பில் திறந்திருக்கும். அங்கே திறந்திருக்கும் புதன்கிழமை இங்கே பூட்டு. தேயிலையை ஏற்றி அனுப்பிப் பிழைக்கும் நாட்டுக்கு அது தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. ஞாயிறு காலையில் பூசை கண்டுவிட்டு அப்படியே வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்த கத்தோலிக்கத் தோழிகளைப் பற்றி அம்மா இன்றும் சொல்வார். அவர்களுடைய நாளை யாரும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்ற வருத்தம் அந்தச் சிறு வயதிலேயே அவருக்கு இருந்திருக்கிறது.

ஆச்சி மட்டும் இந்த மாற்றத்தைக் கண்டு அசரவே இல்லையாம். "இதென்ன புதினமே? அப்புவின்ர காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடமும் பறுவத்துக்கும் அமாவாசைக்கும் பூட்டுத்தானே" என்றாராம். கொழும்பில் பௌத்தர்களுக்காக எழுதப்பட்ட ஒரு சட்டம் யாழ்ப்பாணத்து ஆச்சியிடம் வந்து சேர்ந்தபோது பழைய வழக்கமாகத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இன்று மாதத்துக்கு ஒரு போயாதான், பூரணை மட்டும். இறைச்சிக்கடை பூட்டு, சாராயக்கடை பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு. அந்த நாளில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தால் முதலில் வருவது சித்திரைப் பறுவம். தாய் இல்லாதவர்கள் பிடிக்கும் விரதம் அது. தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை. கோயில் மடத்தில் பெரிய கிடாரத்தில் சித்திரைக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஒருவர் சித்திரபுத்திரனார் கதையை இழுத்துப் படிக்க, இன்னொருவர் பயன் சொல்வார். உலகத்திலுள்ள ஒவ்வொரு உயிரின் நல்லதையும் கெட்டதையும் எழுதிவைக்கும் கணக்கர் பிறந்த கதை அது. படித்து முடிய மத்தியானம் தாண்டும். பசியோடு இருக்கும் கிழவிகளுக்கு நடுவே, பசியே இல்லாத நாங்கள் பிளாவை நீட்டிக்கொண்டு கஞ்சிக்கு நிற்போம். ஆச்சி தன் தாயை நினைத்து அழுவதை அங்கேதான் கண்டிருக்கிறேன். எழுபது வயதுக்காரிக்கும் ஒரு அம்மா இருந்திருக்கிறாள் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. ஆச்சி போன பிறகு அம்மா அந்த விரதத்தை எடுத்துக்கொண்டார். அம்மா இருப்பதால் நான் இன்னும் அதற்கு உரியவனாகவில்லை.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால்தான் நான் அங்கே நின்றேன். பூட்டியது புத்தருக்காக. சித்திரை மாதம் ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் அதற்குள் விழும் பூரணை சில ஆண்டுகளில் பக் போயாவாக இருக்கும், சில ஆண்டுகளில் வெசாக்காக இருக்கும். 2024இல் ஏப்ரல் 23, பக். 2025இல் மே 12, வெசாக். தெற்கே வீதியோரத் தன்சல்களில் யார் எவர் என்று பாராமல் சோறு போடும் அதே நாளில், வடக்கே கோயில் மடங்களில் யார் எவர் என்று பாராமல் கஞ்சி வார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் மணிமேகலையை நினைக்காமல் இருக்க என்னால் முடியாது. பக் போயா எதற்காக என்று பௌத்தர்களைக் கேட்டால், புத்தர் இரண்டாம் முறை இத்தீவுக்கு வந்து, ஒரு மணியாசனத்துக்காகப் போருக்கு நின்ற இரண்டு நாக அரசர்களைச் சமாதானப்படுத்திய நாள் என்பார்கள். மகாவம்சம் அவர்களை மாமனும் மருமகனும் என்கிறது, மகோதரன், சூளோதரன். நடந்த இடம் நாகதீபம், இன்றைய நயினாதீவு என்பது நம்பிக்கை. அதே கதை தமிழில் மணிமேகலையில் இருக்கிறது. மணிபல்லவத் தீவில் ஒரு பீடிகை. நாக அரசர் இருவர் அது தமது என்கிறார்கள். தூக்க முயல்கிறார்கள், அசையவில்லை. விட்டுப்போகவும் மனமில்லை. கண் சிவந்து சேனையோடு பொருகிறார்கள். புத்தர் வந்து, இது எனது என்று சொல்லி அதில் அமர்ந்து அறம் உரைக்கிறார். மணிபல்லவத்தையும் நயினாதீவு என்றே கொள்ளும் அறிஞர்கள் உண்டு.

அந்தக் காப்பியத்தில் என்னை இன்னும் உலுக்குவது அடுத்த பகுதி. அந்தப் பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை அறிந்த மணிமேகலையிடம், காவல் தெய்வமான தீவதிலகை அமுதசுரபியைப் பற்றிச் சொல்கிறாள். பக்கத்திலுள்ள கோமுகிப் பொய்கையிலிருந்து ஆண்டுக்கு ஒரு நாள் அது மேலே வரும். அது புத்தர் பிறந்த நாள். வைகாசி, விசாகம். அதாவது வெசாக். ஒரு தமிழ்ப் புலவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இன்று நம் கலண்டரில் சிவப்பாக அச்சாகும் அந்த நாளில், எடுக்க எடுக்கக் குறையாத சோற்றுப் பாத்திரத்தை ஒரு பெண்ணின் கையில் கொடுத்திருக்கிறார். அவள் அதை வாங்கிக்கொண்டு புகாருக்குத் திரும்பி, பசித்தவர்களுக்கு இடுகிறாள். வெசாக்கை யாரோ ஒருவருடைய பண்டிகை என்று நினைத்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லாமல் விட்டது நம் வகுப்பறைகளின் பெருங்குறை. வடக்கிலும் கிழக்கிலும் வெசாக் கூடு என்றால் படைமுகாம் வாசல் என்று ஒரு தலைமுறைக்கே மனதில் பதிந்திருக்கிறது. அதற்கான காரணங்களை நான் அறிவேன், அவற்றை மறக்கச் சொல்லவுமில்லை. ஆனால் மணிமேகலை நம்முடையவள்.

வெசாக் அரச விடுமுறையான வரலாற்றிலும் ஒரு பீடிகைச் சண்டை இருக்கிறது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலமும், புனித லூசியாள் பேராலயத்தை அண்டி வாழ்ந்த கத்தோலிக்கரும் மோதிக்கொண்டார்கள். உயிர்த்த ஞாயிறும் நிலாவைப் பார்த்தே குறிக்கப்படுவது. மார்ச் 21ஐ ஒட்டி வரும் முதல் பூரணைக்கு அடுத்த ஞாயிறு. ஆக, இரண்டு சமயத்தாரும் ஒரே நிலாவின் கீழேதான் கல்லெறிந்துகொண்டார்கள். தங்களுக்கு நீதி கிடைக்கவில்லை என்று குமுறிய பௌத்தர்களின் சார்பில் கேர்ணல் ஒல்கொட் 1884இல் லண்டனுக்குப் போய் முறையிட்டார். கேட்டவற்றில் ஒன்று வெசாக் விடுமுறை. 1885இல் ஆளுநர் ஆர்தர் கோர்டன் அதைக் கொடுத்தார். அடிபட்டவர்கள் தேசாதிபதியிடம் ஒரு நாளைக் கேட்டு வாங்கினார்கள் என்பதை நான் மதிப்போடு நினைக்கிறேன். ஒரு நாளை நமக்கென்று ஒதுக்கித் தருவதற்கு ஒரு கௌரவம் இருக்கிறது. கிடைக்காதவர்களுக்கே அதன் அருமை தெரியும்.

நான் மட்டக்களப்புப் பக்கம் படிப்பித்த காலத்தில் இதைப் பிள்ளைகளின் முகத்தில் பார்த்தேன். கரையோரம் ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும். கல்வி அமைச்சின் தவணை அட்டவணையும் இரண்டு. சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒன்று, முஸ்லிம் பாடசாலைகளுக்கு ஒன்று. றமழான் வரும்போது அவர்களுக்கு நீண்ட லீவு. ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு என்பதால் அந்த லீவு வருசா வருசம் முன்னுக்கு நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டில் ஒரு சுற்றுச் சுற்றி வரும். ஒழுங்கைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளை புத்தகப்பையோடு போகும். அந்தப் பக்கத்துப் பிள்ளை நோன்போடு வாசலில் இருக்கும். சில ஆண்டுகளில் இவர்களுக்கு லீவு, அவர்களுக்குப் பரீட்சை. நோன்பு பிடிக்கும் பிள்ளைக்கு அந்த ஓய்வு வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனாலும் ஒரே கடற்கரையில் பந்தடிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் லீவு கிடைக்கும் வாரங்கள் குறைந்துபோவது எனக்கு நோவாகவே இருந்தது.

பெருநாளுக்கு முந்திய இரவில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்றாகக் காத்திருக்கும். பூரணையைக் கணித்து முன்கூட்டியே அச்சடித்துவிடுகிறார்கள். பிறையைக் கண்ணால் காண வேண்டும். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடியிருப்பவர்கள் நாட்டின் எந்த மூலையிலாவது பிறை கண்ட செய்திக்குக் காத்திருந்து, பிறகு வானொலியில் அறிவிப்பார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடமா இல்லையா என்பது எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த அறிவிப்பில்தான் இருந்தது. பொழுதுபட்டதும் எங்கள் மாணவர்கள் மதிலில் ஏறி மேற்கே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது எனக்கு அம்மாவின் முற்றம் ஞாபகம் வந்தது. பிறை தெரிந்தால் லீவு. லீவென்றால் அயல்வீட்டு வட்டிலப்பம். தன் வீட்டில் அந்த நாளுக்குச் செய்ய ஏதாவது இருக்கும் பிள்ளைக்கு விடுமுறை பண்டிகையாகிறது. அயல்வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தாலே அதில் பாதி இந்தப் பிள்ளைக்கும் சேர்ந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானவர்களும் இருக்கிறார்கள். பண்டிகை உண்டு, விடுமுறை இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ், போயாவைத் தவிர்த்து, சம்பளத்தோடு எட்டு நாள்கள்: தைப்பொங்கல், சுதந்திர தினம், புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்குக்கு மறுநாள், மீலாத் நபி, நத்தார். தீபாவளி இல்லை. சிவராத்திரி இல்லை. இரண்டு பெருநாள்களில் ஒன்றும் இல்லை. பெரிய வெள்ளியும் இல்லை. அரச ஊழியருக்கும் வங்கிக்காரருக்கும் லீவாகும் இந்த நாள்களில் கடை ஊழியருக்கு முதலாளியின் மனம்தான் சட்டம். புறக்கோட்டையில் துணிக்கடைகளில் நிற்கும் பிள்ளைகளில் மலையகத்திலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். தீபாவளிக்கு ஊரெல்லாம் உடுத்தும் சீலையை விற்பவள் அவர்களில் ஒருத்தி. தோட்டத்தில் தாய் தீபாவளி முற்பணம் வாங்கிப் பலகாரத்துக்கு மா இடித்துக்கொண்டிருப்பாள். முதல்நாள் இரவு கடை பூட்டியபின் ஹற்றனுக்கோ பதுளைக்கோ பஸ் பிடித்து, விடிய வீடு போய்ச் சேர்ந்து, அன்று பின்னேரமே திரும்பிப் புறப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

2018இல் வெசாக் வாரத்தோடு மோதுகிறது என்று மே தினத்தையே 7ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தது அரசாங்கம். உலகத் தொழிலாளர் எல்லாருக்கும் பொதுவான நாளை ஒரு அறிவித்தலால் நகர்த்த முடியுமென்றால், அந்த எட்டோடு ஒன்பதாவதாக ஒரு நாளைச் சேர்க்கவும் முடியும். அது எந்த நாள் என்பதை ஊழியரே தெரிவு செய்யட்டும். ஒருத்திக்குத் தீபாவளி, ஒருவருக்கு நோன்புப் பெருநாள், ஒருவருக்குப் பெரிய வெள்ளி. வருசத் தொடக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் முதலாளிக்கும் வியாபாரம் குழம்பாது; ஒரே நாளில் எல்லாரும் போகவும் மாட்டார்கள். தொழிற்சங்கக்காரர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். சம்பள நிர்ணயம்தான் முதலில் என்கிறார்கள். அதுவும் சரிதான். ஆனால் அடுத்த தீபாவளிக்கு முன் இதை மறுபடியும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் போகிறேன்.