பிந்திப் பூக்கும் மலர்

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே வாழும் தம்மம்பட்டி மக்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். ஆனால், செடியின் உடலிலுள்ள நீரையே உறையச் செய்து அதைக் கருக்கிவிடும் உறைபனியும் உலகில் உண்டு. அதைப்பற்றி நான் கற்க நேர்ந்தது எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு செவிலியின் கடிதத்தால்.

அவர் கனடாவின் கால்கரி நகரில் பணிபுரிகிறார். தாயின் அடக்கத்திற்கு வர இயலாமற்போன அவர், ஜூன் முதல் வாரத்தில் வரும் நினைவு நாளன்று பூக்கட்டும் என்று வீட்டு முற்றத்தில் ஐரிஸ் நட்டார். முந்திப் பூக்கும் வகையையே தேடி வாங்கினார். அடுத்தடுத்து ஈராண்டும் மே மாத இறுதியில் விழுந்த உறைபனி மொட்டுகளைக் கருக்கிவிட்டது. “சாமி, அம்மாவுக்கென்று ஒரு பூக்கூட மலரவில்லையே” என எழுதியிருந்தார்.

நூல்களைப் புரட்டினேன். ஐரிஸ் குளிருக்கு அஞ்சும் செடியன்று. இஞ்சி போன்ற அதன் கிழங்கு கடுங்குளிரையும் தாங்கும். இளவேனிலின் வெம்மையை நம்பி எழும் மலர்த்தண்டுதான் பிந்தி வரும் உறைபனிக்கு இரையாகிறது. ஆகவே, அத்தகைய ஊர்களில் அவசரப்படாத வகையே ஏற்றது. 1920-இல் தோன்றிய அமெரிக்க ஐரிஸ் சங்கம், வகைகளைப் பதிவு செய்கையில் அவை முந்திப் பூப்பவையா, பிந்திப் பூப்பவையா என்பதையும் குறிக்கிறது.

அவருக்கு இவ்வாறு எழுதினேன்: “மகளே, உயரமான தாடி ஐரிஸில் பிந்திப் பூப்பதைத் தேர்ந்துகொள். நீர் தேங்காத மண்ணில், கிழங்கின் மேற்புறம் வெயில் காணும்படி நடு. ஈரமான இடமெனில் சைபீரிய ஐரிஸ் நன்று. ஆண்டில் இருமுறை பூக்குமென விற்கப்படுவதை நாடாதே. அங்கே இலையுதிர்காலத்து உறைபனி இரண்டாம் பூவைப் பறித்துவிடும்.”

இதில் ஓர் இழப்பு உண்டு. பிந்திப் பூக்கும் வகை நினைவு நாளன்று மலராது. அன்று முற்றத்தில் வாள் போன்ற பச்சை இலைகள் மட்டுமே நிற்கும். அதை அவர் மனம் ஏற்குமா? இறந்தோர்மீது நாம் கொண்ட அன்பு நாள்காட்டியின் ஒரு தாளுக்குள் அடங்கிவிடுவதா? நாளை நாம் குறிக்கலாம். மலரும் வேளையை அந்தந்த மண்ணும் வானமுமே குறிக்கின்றன. நினைவு நாளன்று தம்மம்பட்டியில் திருப்பலி நிறைவேறும். கால்கரியில் பூ சில வாரங்கள் கழித்து மலரட்டும். தாய் காத்திருக்க அறியாதவளா?