தேக்கு இறங்கிய சரிவு

சில ஊர்கள் தங்கள் சரித்திரத்தைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனைமலையின் மேல் உள்ள டாப்ஸ்லிப் அப்படிப்பட்ட ஒரு ஸ்தலம். இங்கிலீஷ்காரர் வைத்த பெயர்தான். ஆனால் அதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. மலை உச்சியில் வெட்டிய தேக்கு மரங்களை எந்த இடத்திலிருந்து கீழே சறுக்கிவிட்டார்களோ, அந்த இடத்துக்குச் 'சறுக்கலின் தலைப்பு' என்று பெயரிட்டார்கள். அவ்வளவுதான். இன்று அங்கே யானையும் மானும் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயருக்குள் அடங்கிக் கிடக்கும் உழைப்பையும் அபாயத்தையும் நினைத்துப் பார்க்கிறார்கள் என்பது சந்தேகமே.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புகளின் நிழலிலேயே சேத்துமடை வரையில் போய்விடலாம். அதுவரை சமவெளி. சோதனைச் சாவடியைக் கடந்ததும் பாதை மலைமேல் வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. மூங்கில் புதர்கள் நெருங்கி வருகின்றன. காற்றில் ஈரம் கலக்கிறது. சுமார் 2,500 அடி உயரத்தில் பச்சைப் புல்வெளி ஒன்று திடீரென்று கண்முன் விரியும். அதைச் சுற்றிலும் வரிசை வரிசையாகத் தேக்கு மரங்கள் நிற்கும். அதுவே டாப்ஸ்லிப்.

இந்தக் காட்டின்மேல் வெள்ளைக்காரர் கண் விழுந்ததற்குக் காரணம் இயற்கை அழகு அல்ல, கப்பல். பம்பாய்க் கப்பல் துறைக்குத் தேக்கு வேண்டியிருந்தது. 1848ம் ஆண்டு வாக்கில் மைக்கேல் என்ற ராணுவ உத்தியோகஸ்தரை இதற்கென்றே ஆனைமலைக்கு அனுப்பினார்கள். பின்னர் ரயில் வந்தது. தண்டவாளத்தின் அடியில் போடுவதற்குக் கட்டைகள் ஆயிரக் கணக்கில் தேவைப்பட்டன. பல நூறு வருஷம் நின்று வளர்ந்த மரங்கள் சில பத்தாண்டுகளுக்குள் சாய்ந்தன. கப்பலும் ரயிலும் யாருக்குப் பயன்பட்டன என்பது நேயர்களுக்குத் தெரிந்த கதை. மரத்தை வெட்டியவர்களும், இழுத்தவர்களும், சரிவில் விட்டவர்களும் யார் என்பதுதான் எந்தப் புத்தகத்திலும் சரியாக எழுதப்படாத கதை.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கவனிப்போம். கருவிகள் அதிகம் இல்லை. கோடரி, இருவர் எதிரெதிராக நின்று இழுக்கும் ரம்பம், இரும்பு ஆப்பு, கடப்பாறை, சங்கிலி, வடம். இவற்றுக்கெல்லாம் மேலாக யானை. மரம் விழவேண்டிய திசையில் முதலில் கோடரியால் ஒரு வாய் வெட்டுவார்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில் ரம்பம் போடுவார்கள். நடுவில் கொஞ்சம் மரத்தை அறுக்காமல் விட்டுவைப்பது வழக்கம். அந்தச் சிறு பட்டைதான் கதவுக்குக் கீல் போல இருந்து, மரத்தை நினைத்த பக்கம் சாய்க்கும். அது முற்றும் அறுந்து போனால் மரம் யாருக்கும் கட்டுப்படாது. விழுந்த மரத்தைக் கிளை கழித்து, துண்டு போட்டு, சரிவின் விளிம்புவரை யானை இழுத்துக் கொண்டுவரும். அங்கிருந்து கட்டை தன் பாரத்தாலேயே கீழே போகும். அடிவாரத்திலிருந்து மாட்டு வண்டிகள் அதைச் சுமந்து செல்லும்.

மலைக்கு மேற்கே, கொச்சி ராஜ்யத்தார் இதையே யந்திரத்தால் செய்தார்கள். பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரையில் ஏறக்குறைய 50 மைல் நீளத்துக்கு ஒரு காட்டு ரயில் பாதை 1907ல் ஓடத் தொடங்கியது. செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் ஏறாது. ஆகவே உருளையில் கம்பி வடம் சுற்றி, பாரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும் வேகத்திலேயே காலி வண்டியை மேலே இழுக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். வெகு புத்திசாலித்தனமான யோசனைதான். 1963ல் அந்தப் பாதை மூடப்பட்டது.

ஒரு கணக்குச் சொல்லுகிறோம். 20 அடி நீளமும் 6 அடிச் சுற்றளவும் உள்ள ஒரு தேக்குக் கட்டை, நன்றாகக் காய்ந்த பிறகும், சுமார் ஒரு டன் எடை இருக்கும். பச்சை மரமானால் இன்னும் ஜாஸ்தி. அப்படிப்பட்ட கட்டை சரிவில் ஓர் அடி உருண்டாலும் அதன் முன்னால் நிற்கும் மனிதனின் கதி என்ன?

யானை முகாமில் வயது முதிர்ந்த பாகர் ஒருவருடன் நாம் பேசிக்கொண்டிருந்தோம். மலசர் வகுப்பைச் சேர்ந்தவர். அவருடைய தகப்பனார் கூப்பு வேலையில் யானை ஓட்டியவராம்.

"ஆனைக்குத் தெரியுஞ் சாமி," என்றார் அவர். "கட்டை நிக்குமா உருளுமான்னு காலாலே தொட்டுப் பாத்துக்கும். அது பின்வாங்கினா நாமும் வாங்கிக்கணும். மனுசன்தான் அவசரப்படுவான்."

அவர் தகப்பனார் சொல்லிவைத்துப் போன ஒரு சம்பவத்தையும் கூறினார். ஒரு நாள் பகலில் ஒருவன் தொடைமேல் கட்டை ஏறிவிட்டது. யானை வேறு கூப்பில் இருந்தது. அதை அழைத்துவரப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரையில் அந்த மனிதன் நினைவு தப்பாமல் பேசிக்கொண்டிருந்தான். ரத்தமும் அதிகம் போகவில்லை. கட்டையைத் தூக்கினார்கள். எல்லோரும் 'பிழைத்தான்' என்று மூச்சு விட்டார்கள்.

"எடுத்துத் தூளியிலே போட்டுக் கொஞ்ச தூரங்கூடப் போகலையாம் சாமி. பேச்சு நின்னு போச்சாம். கட்டை கிடந்தப்போ இருந்த உசிரு, கட்டையை எடுத்ததும் போயிடுச்சு. வனதெய்வத்துக் குத்தம்னு பூசை போட்டாங்க."

கட்டையின் கீழ் கிடந்தபோது இருந்த உயிர், விடுவித்த பிறகு ஏன் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காண உலகத்து வைத்தியர்களுக்கே வெகு காலம் பிடித்தது.

1908ல் இத்தாலியில் மெஸ்ஸினா நகரைப் பூகம்பம் அழித்தபோது, இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட சிலர் பின்னர் இறந்ததை வைத்தியர்கள் கண்டார்கள். 1923ல் மினாமி என்ற ஜப்பானிய வைத்தியர், முதல் மகா யுத்தத்தில் மண்ணுக்குள் புதைந்து மீட்கப்பட்ட சிப்பாய்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்து, நசுங்கிய தசைக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எழுதினார். அதைப் பலரும் கவனிக்கவில்லை. பிறகு லண்டனில் குண்டு மாரி பொழிந்தது. வீடுகளின் இடிபாட்டில் கால் அகப்பட்டு மீட்கப்பட்ட நான்கு பேரைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு வைத்தியர்கள் 1941ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நல்ல நிலையில் இருந்த அவர்களுக்குக் கால் வீங்கியது. ரத்த அழுத்தம் இறங்கியது. சிறுநீர் கறுத்துக் குறைந்தது. சுமார் ஒரு வாரத்தில் மரணம் நேர்ந்தது.

விஷயம் இதுதான். தசை நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால் அதன் அணுக்கள் உடைந்துபோகின்றன. அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் என்னும் உப்பும், மயோகுளோபின் என்னும் செந்நிறப் பொருளும் அங்கேயே தேங்கி நிற்கின்றன. பாரம் எடுக்கப்பட்டவுடன் ரத்தம் மீண்டும் பாய்கிறது. தேங்கியவை யாவும் உடம்பெங்கும் பரவுகின்றன. பொட்டாசியம் மிகுந்தால் இருதயத்தின் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். பாகரின் தகப்பனார் கண்டது அநேகமாக இதுவாகவே இருக்கும். அந்த கண்டத்தைத் தாண்டியவர்களுக்கு மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. வனதெய்வத்தின்மேல் குற்றமே இல்லை.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரிகிறது. அகப்பட்டவனின் ரத்தக் குழாயில் உப்பு நீரை, கூடுமானால் கட்டையைத் தூக்குவதற்கு முன்பே, ஏற்றத் தொடங்குகிறார்கள். அது விஷத்தைக் கரைத்து வெளியேற்றச் சிறுநீரகத்துக்குத் துணை செய்கிறது. சிறுநீரகம் நின்றுவிட்டாலும் இன்று டயாலிஸிஸ் யந்திரம் இருக்கிறது. டச்சு தேசத்தில் கோல்ஃப் என்ற வைத்தியர் 1943ல் அமைத்த செயற்கைச் சிறுநீரகத்தின் வம்சம் அது.

நேயர்கள், "இது காட்டு வேலைக்காரர் சமாசாரம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். ஆனைமலையின் இந்தப் பகுதி 2007ல் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. அந்தக் காலத்துக் கூப்புகள் இப்போது இல்லை என்பதும் வாஸ்தவமே. ஆனால் மரம் அறுக்கும் மில் எந்த ஊரில் இல்லை? லாரியிலிருந்து கட்டை இறக்குவதை எந்தச் சாலையோரத்திலும் பார்க்கலாம். 2018ல் கஜா புயல் அடித்தபோது தஞ்சைச் சீமையில் லட்சக் கணக்கான தென்னைகள் விழுந்தன. பழக்கமில்லாதவர்களும் மோட்டார் ரம்பத்தைக் கையில் எடுத்தார்கள். நம் கொல்லைப்புறத்து மரத்தை வெட்ட வருகிறவனும் ஒரு குடும்பத்தின் தலைவன்தான். ஆகையால் சில விதிகளை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முதலில், விபத்தே நேராமல் காப்பது. மரம் சாயும் திசைக்கு எதிராக, சற்றுப் பக்கவாட்டில் விலகி ஓடுவதற்கு வழியைச் சுத்தம் செய்துவிட்டே வெட்டத் தொடங்கவேண்டும். மரத்தின் உயரத்தைப்போல இருமடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கலாகாது. சரிவில் கட்டைக்குக் கீழ்ப்பக்கம் நிற்பதும், அடுக்கின் அடிக்கட்டையை உருவுவதும், இன்னொரு மரத்தில் சாய்ந்து தொங்கும் மரத்தின் கீழ் நுழைவதும் யமனை அழைப்பதற்குச் சமானம்.

விபத்து நேர்ந்துவிட்டால், உதவிக்கு ஓடுகிறவன் முதலில் சுற்றிலும் பார்க்கவேண்டும். மற்றக் கட்டைகள் உருளாதபடி கல்லோ ஆப்போ வைத்துத் தடுத்து, யந்திரத்தை நிறுத்தவேண்டும். உடனே 108க்குச் சொல்லி, எந்த உறுப்பு, எவ்வளவு நேரமாக அகப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிவிக்கவேண்டும். தலை, கழுத்து, மார்பு, வயிறு இவற்றின்மேல் பாரம் இருந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் அகற்றவேண்டும். கை கால்களின்மேல் இப்போதுதான் விழுந்தது என்றாலும், பத்திரமாக எடுக்க முடியுமானால் எடுத்துவிடுவதே நலம். நெடுநேரம் ஆகிவிட்டிருந்து, ஆம்புலன்ஸும் அருகில் வந்துவிட்டதானால், அவர்கள் உப்பு நீர் ஏற்றிய பிறகு தூக்கலாம். டெலிபோனில் அவர்கள் சொல்லுகிறபடி நடக்கவேண்டும். உதவி வெகு தூரத்தில் இருக்கிறது என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு மணிக் கணக்கில் உட்கார்ந்திருப்பது மட்டும் கூடாது.

கட்டையை மேல்நோக்கித் தூக்கவேண்டுமே தவிர, உடம்பின்மேல் இழுக்கலாகாது. ஆளையும் பிடித்து இழுக்கலாகாது. கடப்பாறையாலோ ஜாக்கியாலோ அங்குலம் அங்குலமாகத் தூக்கி, ஒவ்வொரு அங்குலத்துக்கும் அடியில் முட்டுக் கொடுத்து வரவேண்டும். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்துப் பலமாக அழுத்தவேண்டும். கை கால்களில் அதற்கும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே அகலமான துணியைச் சுற்றி, குச்சி செருகி முறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். வைத்தியரைத் தவிர வேறு யாரும் அதை அவிழ்க்கலாகாது. "எனக்கு ஒன்றுமில்லை, நடந்து வருகிறேன்" என்று அவன் சொன்னாலும் விடக்கூடாது. படுக்கவைத்து, குளிராமல் போர்த்தி, முதுகு வளையாமல் எடுத்துச் செல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் சொல்லவேண்டிய செய்தி: எத்தனை மணிக்கு அகப்பட்டான், எத்தனை மணிக்கு விடுபட்டான் என்பது. அந்த இரண்டு நேரங்களும் வைத்தியருக்குப் பாதி நோயைச் சொல்லிவிடும்.

டாப்ஸ்லிப்பில் ஒரு கல்லறை இருக்கிறது. மொட்டையடிக்கப்பட்ட இந்த மலையில் மீண்டும் தேக்குக் காடு எழுவதற்குக் காரணமாக இருந்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி 1933ல் காலமானார். அவரை அவர் வளர்த்த மரங்களின் நடுவிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணைக் குத்தி, சட்டைப் பையிலிருந்து தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று சொல்லுகிறார்கள். 'என் ஞாபகச் சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார்' என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெருமைக்கு அவர் தகுதியுடையவரே.

ஆனால் அதே மலையில் கட்டையின்கீழ் உயிரைவிட்டவர்களுக்குக் கல் ஒன்றும் நாட்டப்படவில்லை. வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி நஷ்ட ஈடு தரவேண்டும் என்ற சட்டமே இந்தியாவில் 1923ல்தான் வந்தது. அதற்கு முன் போன உயிர்களுக்குக் கணக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2008ல் 108 வண்டி ஓடத் தொடங்கியது. ஆயினும் மலைப்பாதை இன்னும் மலைப்பாதைதான். வண்டி வந்து சேரும்வரை ஒருவன் உயிர் பக்கத்தில் நிற்கும் கூட்டாளியின் கையில்தான் இருக்கிறது. அந்தக் கூட்டாளிக்கு இந்த நாலு விஷயங்களைச் சொல்லிக்கொடுக்க முதலாளிக்கு ஒரு பிற்பகல் போதும். கல் நாட்டுவதைவிட அதுவே மேலான ஞாபகச் சின்னம் என்று நமக்குத் தோன்றுகிறது.