கடைமடையில் ஒரு பிரெஞ்சு ஊர்

நம் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் போய் வருகிறவர்கள் நிறையப் பேர். நாகூரைத் தாண்டி வாஞ்சூர் வந்தால் தமிழ்நாட்டு எல்லை முடிந்து, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் தொடங்குகிறது. வயலும் வாய்க்காலும் மாறுவதில்லை. ஆனால் அலுவலகப் பலகையில் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்று இருக்கும்.

கொம்யூன் என்பது பிரெஞ்சுச் சொல். 1789-ல் நடந்த புரட்சியை ஒட்டி, பிரான்சில் ஊருக்கு ஊர் தனி நிர்வாகம் வந்தது. நூறு பேர் வாழும் மலைக்கிராமத்துக்கும் ஒரு மேயர், ஒரு மன்றம் உண்டு. இன்றும் அங்கே சுமார் 35 ஆயிரம் கொம்யூன்கள் இருக்கின்றன.

தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து 1739-ல் காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள், 1880-ல் இந்த முறையை இங்கேயும் கொண்டுவந்தார்கள். இப்போது காரைக்கால் நகராட்சியைச் சுற்றி ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள்: திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம். நம்மூர்ப் பஞ்சாயத்து ஒன்றியம் போல என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தப் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குதான்.

இந்தச் சின்ன மன்றங்கள் ஒரு பெரிய முடிவில் பங்கெடுத்தன. 1954 அக்டோபர் 18-ல் புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. சட்டசபை உறுப்பினர்களோடு கொம்யூன் மன்ற உறுப்பினர்களும் வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சரியாக இரண்டு வருடம் கழித்து, 1956-ல் அதே நவம்பர் 1-ல்தான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்.

காரைக்காலின் கவலை தண்ணீர். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். அரசலாறும் திருமலைராஜன் ஆறும் தஞ்சைச் சீமையைக் கடந்துதான் இங்கே வருகின்றன. குறுவை, சம்பா எதுவானாலும், மேலே எல்லோரும் பாய்ச்சியது போக மிச்சம் வந்தால்தான் நடவு. பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்திலும் மதகு ஆங்கிலேயர் கையில்தான் இருந்தது.

ஆனாலும் தனி நிர்வாகமாக நின்றதில் ஒரு பலன் கிடைத்தது. காவிரி நடுவர் மன்றத்தில் புதுச்சேரியும் ஒரு தரப்பாக நின்று வாதாடியது. 2007 இறுதித் தீர்ப்பில் காரைக்காலுக்கென்று 7 டி.எம்.சி. எழுதப்பட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம், தமிழ்நாட்டுப் பங்குகளை மாற்றியபோதும் இந்த 7 டி.எம்.சி. குறையவில்லை. எழுத்தில் இருக்கிற தண்ணீர் எல்லாம் வயலுக்கு வந்துவிடாது; ஆனால் வராதபோது கேட்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை நம்பிக் கன்னிப்பூவும் கும்பப்பூவும் செய்கிற நமக்கு இது புரியாத சங்கதியில்லை. தோவாளைக் கால்வாயிலும் அனந்தனாற்றிலும் கடைசி மடைக்காரர் படும் பாடு அதேதான். உங்கள் கால்வாயில் எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு, உங்கள் மடைக்கு எந்த முறையில் தண்ணீர் என்ற விவரம் கையில் இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த பூவுக்கு அணை திறக்கும் முன்பே நீர்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.