ஒற்றியூர் நீங்கலாக

சென்னைக்கு வரும் விருந்தினரை எங்கெங்கே அழைத்துச் செல்வது என்பதற்கு நம்மவர்களிடம் எழுதாத பட்டியல் ஒன்று உண்டு. மெரினா, கபாலீசுவரர் கோயில், சாந்தோம், எழும்பூர் அருங்காட்சியகம், மறுநாள் மாமல்லபுரம். ரயிலுக்கு நேரமிருந்தால் பாண்டி பஜார். கோட்டைக்கு வடக்கே உள்ள ஓர் இடமும் இப்பட்டியலில் ஏறியதாக நான் அறியேன். காத்திவாக்கத்தில் பிறந்து, இங்கேயே வளர்ந்து, இங்கிருந்தே நாள்தோறும் கல்லூரிக்குப் போய்வரும் எனக்கு இது பழகிவிட்டது. "எண்ணூர்ப் பக்கமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்காத சக ஆசிரியர் இல்லை.

சென்ற கார்த்திகையில் பாளையங்கோட்டையிலிருந்து என் பழைய வகுப்புத் தோழர் வந்திருந்தார். முதுகலையில் இருவரும் ஒரே பெஞ்சு. அவரும் தமிழாசிரியர்தான், பெரிய புராணத்தில் ஆய்வுப்பட்டம் பெற்றவர். திருவொற்றியூரை ஏட்டில் நூறுமுறை கண்டவர், நேரில் ஒருமுறையும் கண்டதில்லை. அங்கே ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் களைந்து காட்சி தருவார். அதற்கென்றே நண்பர் ரயிலேறி வந்தார். "ஒரு நாள் முழுக்க உம்ம ஊரைக் காட்டும்வே" என்றார்.

இராயபுரத்திலிருந்து தொடங்கினோம். 1856 ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் வாலாஜா சாலைக்குப் புறப்பட்ட நிலையம் இது. மும்பையில் 1853இல் முதல் வண்டி புறப்பட்ட போரிபந்தர் நிலையக் கட்டடம் இன்று இல்லை. ஆகவே நாட்டில் எஞ்சியிருக்கும் நிலையக் கட்டடங்களில் இதுவே மூத்தது. உயர்ந்த தூண்களுக்கு 2005இல் புதுப்பூச்சு பூசினார்கள். நாங்கள் போனபோது தூண்நிழலில் இருவர் உறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களை எழுப்பாமல் படமெடுத்துக்கொண்டார் நண்பர். இராயப்பர் என்று தமிழில் வழங்கும் பேதுருவின் பெயரால் அமைந்த ஊர் இது என்றதும், படகோட்டிகள் எழுப்பிய அப்புனிதரின் தேவாலயத்தையும் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம். மேற்கு மாதா கோயில் தெருவில் 1910இல் எழுந்த பார்சிகளின் தீக்கோயிலை மட்டும் வாசலோடு பார்த்துத் திரும்பினோம். வேற்றுச் சமயத்தவருக்கு உள்ளே அனுமதியில்லை. தமிழ்நாட்டிலேயே பார்சிகளுக்கென உள்ள ஒரே கோயில் அது. நூறாண்டுக்கு மேலாக உள்ளே அணையாமல் எரியும் நெருப்பை நாங்கள் சந்தனக்கட்டையின் மணமாகக் கற்பனை செய்துகொண்டோம்.

புது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினோம். 2021 பிப்ரவரியில் இந்தத் தடம் திறந்ததிலிருந்து எங்கள் பகுதிக்குக் கிடைத்த பெரிய இன்பம், உயரத்திலிருந்து கடலைப் பார்க்கலாம் என்பது. வீடுகளின் இடுக்கில் நீலம் வந்து வந்து மறையும். காலடிப்பேட்டை நிலையம் வந்தபோது, "யாருடைய காலடி?" என்றார் நண்பர். காலடி இல்லை, காலெட்! 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை. வாயில் நுழையாத ஆங்கிலப் பெயரை நம்மவர்கள் ஆண்டவன் திருவடியாக மாற்றிவிட்டார்கள். அடுத்தது தேரடி நிலையம். ஒரு மெட்ரோ நிலையத்துக்குத் தேரடி என்று பெயர் வைத்தவரை எனக்குப் பிடிக்கும்.

வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். தூங்கானை வடிவில் அமைந்த கருவறையைக் கருங்கல்லால் எடுத்தது முதலாம் இராசேந்திரன் காலத்தில். எடுத்த தச்சனின் பெயரையும் கல்வெட்டு சொல்கிறது: இரவி எனும் வீரசோழத் தச்சன். ஆனால் இக்கோயிலின் கல்வெட்டுகளில் என்னை விடாமல் பிடித்திருப்பது வேறொன்று. கேரளத்துப் படைத்தலைவன் ஒருவன் சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற துணையாய் இருந்தான். 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே இராசாதித்தன் மாண்டபோது இவன் அருகில் இல்லை. தலைவனோடு சாகக் கொடுத்துவைக்காதவன் துறவியாகி, கங்கையாடி, திருவொற்றியூருக்கு வந்து சதுரானன பண்டிதர் என்ற பெயரில் மடத்துத் தலைவராக வாழ்ந்தான். போக வேண்டிய நேரத்தில் போகாதவன் வந்து தங்கிய ஊர் என்று இதை நான் வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்கள் தேர்வில் வருமா என்று கேட்பார்கள்.

சுந்தரர் கதையை இங்கே வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. "உன்னைப் பிரியேன்" என்று சங்கிலியாருக்குச் சூளுரைக்க வேண்டும். சன்னிதியில் சூளுரைக்கும்போது நீர் மகிழ மரத்துக்குப் போய்விடும் என்று இறைவனிடமே பேரம் பேசினார் சுந்தரர். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சூளுரைக்கச் சொல் என்று காதோடு ஓதிவிட்டார். ஆரூரில் வசந்த விழா நினைவுக்கு வர, சூளை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் மறைந்தன. நண்பர் மகிழ மரத்தைச் சுற்றிவந்து, "அந்த எல்லை எந்த இடம்?" என்று ஆய்வாளருக்குரிய தீவிரத்தோடு கேட்டார். திருவொற்றியூரும் காத்திவாக்கமும் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தபின் எல்லை எங்கே இருக்கிறது என்று நான் யாரைக் கேட்பது!

இறைவனுக்கு இங்கே எழுத்தறியும் பெருமான் என்றொரு பெயரும் உண்டு. மன்னன் ஒருவன் எல்லா ஊர்களுக்கும் பொதுவான ஆணையொன்றை ஓலையில் எழுதி அனுப்பினானாம். ஓலையைப் பிரித்தால், எழுதியவனும் அறியாமல், இது ஒற்றியூர் நீங்கலாக என்று வரிக்கு நடுவே ஏறியிருந்தது. எழுதியது இறைவன். வரிவிலக்குக்கு இதைவிட அழகான கதை தமிழில் இல்லை. அந்தச் சலுகையை யாரோ வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள் என்பதுதான் என் மனக்குறை. பார்க்க வேண்டிய இடங்களா, ஒற்றியூர் நீங்கலாக. அனல்மின் நிலையமா, சாம்பல் குட்டையா, உரக்கிடங்கா, அப்போது மட்டும் ஒற்றியூர் உட்பட.

இதை வெறும் மனத்தாங்கலாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக நண்பரைப் பட்டினத்தார் சமாதிக்கு அழைத்துப் போனேன். பேய்க்கரும்பு தித்தித்த இடம். அதற்கப்பால் கடல். கரை நெடுகக் கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணல் என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்கின்றன. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. தங்கித் தங்கி அகன்றதுதான் மெரினா. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது, குப்பங்கள் பின்வாங்கின. உலகமே வந்து சுண்டல் தின்னும் அந்தக் கடற்கரையில் எங்கள் ஊர் மணலும் இருக்கிறது என்று சொன்னேன். நண்பர் சிரிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வீடு. விம்கோ நகர் வரை மெட்ரோ, பிறகு ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் ஆலைகளைக் காட்டிக்கொண்டே போனேன். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி டயர் உற்பத்திக்கு வளர்ந்த எம்.ஆர்.எப்., 1955இல் புல்லட்டை இங்கே கொண்டுவந்த என்பீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட். நாடெங்கும் ஓடும் லாரிகளில் எத்தனையோ இந்தத் தெருவில் முதல் ஹாரன் அடித்தவை. என் தந்தை இவ்வட்டாரத்து ஆலை ஒன்றில் முப்பதாண்டு ஷிப்டு பார்த்தவர். எங்கள் வீட்டில் கடிகாரம் வாங்கும்வரை ஆலைச் சங்குதான் நேரம். தொழிற்சாலைகளையும் பார்க்க வேண்டிய இடங்களாக நான் எண்ணுவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

சாப்பிடும்போது என் மனைவி பேச்சைத் தொடங்கினார். "நீங்களாவது சொல்லுங்க அண்ணா. வண்டலூர்ப் பக்கம் வீடு பாத்து வச்சிருக்கேன். இவரு அசையவே மாட்டேங்கறாரு."

மனைவியின் பக்கம் நியாயம் உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தது. படகும் வலையும் கருத்துப்போயின. அதன் பிசுக்குப் போகுமுன்னே 26ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் பெரியகுப்பம் கடலில் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் திறக்க முடியாத எரிச்சல். முகத்தில் ஈரத்துண்டைச் சுற்றி, அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்தி, தெருவோடு தெருவாக இருட்டில் ஓடினோம். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். விடிந்ததும் திரும்பி வந்தோம். என் மனைவி அன்றிலிருந்து முழுதாகத் திரும்பவில்லை.

நண்பர், காலையில் மகிழடியில் நின்று வந்த வேகத்தில், சூளுரைத்து மீறியவர் கண் போன கதையை எடுத்தார். முடிக்கவிடவில்லை. "அவருக்கு ஊரை விட்டுப் போனதால கண்ணு போச்சு அண்ணா. எங்களுக்கு ஊர்ல இருந்தாத்தான் போகும்போல இருக்கு." பெரிய புராண ஆய்வாளரிடம் இதற்கு மறுமொழி இல்லை. என்னிடமும் இல்லை. அம்மா மட்டும் உள்ளறையிலிருந்து, "நான் எங்கயும் வரல" என்றார்.

மாலையில் முகத்துவாரம் போனோம். அந்நாளில் சென்னையிலிருந்த ஐரோப்பியர் காற்று வாங்க வந்து தங்கிய இடம் எண்ணூர் என்றால் இன்று நம்புவோர் குறைவு. 1806 வாக்கில் முடிந்த காக்ரேன் கால்வாய், பின்னாளில் பக்கிங்காம் என்று பெயர் மாறியது, இங்கிருந்து உப்பையும் விறகையும் நகரத்துக்குச் சுமந்தது. அதற்கும் முன்பு 1708இல் நவாப் தாவூத் கான் ஆங்கிலேயருக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் காத்திவாக்கமும் ஒன்று. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு மற்ற நான்கு. நுங்கம்பாக்கமும் நாங்களும் ஒரே சீட்டில் எழுதப்பட்டவர்கள் என்பதை நுங்கம்பாக்கத்தார் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

1970இல் தொடங்கி 2017இல் ஓய்ந்த எண்ணூர் அனல்மின் நிலையத்தைத் தாண்டிக் கழிமுகப் பாலத்தில் நின்றோம். வடக்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அப்பால் 2001இல் திறந்த காமராசர் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். கீழே இடுப்பளவு நீரில் சிலர் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் பல்லில் கவ்விய கூடையில் போட்டபடி நகர்ந்தார்கள். சூரியன் புகைபோக்கிகளுக்கு இடப்புறமாக இறங்கியது. அழகாகத்தான் இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

"இது என்ன ஆறு?" என்றார் நண்பர்.

"கொசஸ்தலை. பூண்டியிலிருந்து வருகிறது."

பூண்டி என்றதும் நிமிர்ந்தார். கண்ணிழந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த திருவெண்பாக்கம் அங்கேதான் இருந்தது. 1940களில் நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய ஊர் நீருக்குள் போக, ஊன்றீசுவரர் கோயிலைக் கரையில் புதிதாக எழுப்பினார்கள். அணை நிரம்பி மதகு திறந்தால் அந்தத் தண்ணீர் இந்தப் பாலத்தின் அடியில்தான் கடலில் சேர வேண்டும். நண்பர் வெகுநேரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரையேறிய ஒரு பெண்மணியிடம் இறால் என்ன விலை என்று கேட்டார். ரயிலில் கெட்டுப்போகும் என்று சொல்லி அவரே விற்க மறுத்துவிட்டார்.

வண்டலூர் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பார்த்துவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.